காரீய விளக்கின் முன் என் மஞ்சள்

மைசூரில் ஓர் அரண்மனை இருக்கிறதாம். வருடா வருடம் வந்தும் உள்ளே போனதில்லை. ஆட்டோவில் அதன் மதில் சுவரைக் கடந்து போனேன், வந்தேன். இரண்டு தடவையும் என் மடியில் மஞ்சள் தூள் பொட்டலம் இருந்தது. என் கண் அதன்மேல்தான் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து தலைச்சன் பிள்ளையைத் தூக்கி வருகிறவன்கூட அவ்வளவு கெட்டியாகப் பிடித்திருக்க மாட்டான்.

விஷயம் இதுதான். கோபிச்செட்டிபாளையத்தில் எனக்கு ஒரு மஞ்சள் அரவை மில் இருக்கிறது. பொட்டலத்தில் என் படமே உண்டு. மீசையோடு, இப்போது இருப்பதைவிட நிறைய முடியோடு. எங்கள் சரக்கை முதன்முதலாக வாங்க முன்வந்த துபாய் வியாபாரி ஒருவர், அனுப்பிய மாதிரியைச் சோதித்துவிட்டு, "இதில் காரீயம் இருக்கிறது" என்று ஒற்றை வரியில் செய்தி போட்டுவிட்டார்.

முதலில் நான் சிரித்தேன். ஈயச் சொம்பில் வைத்த ரசத்தைக் குடித்து வளர்ந்த ஆளிடம் போய் ஈயத்தைப் பற்றிப் பேசுகிறாரே என்று. பிறகு செல்போனில் தேடிப் பார்த்தேன். சொம்பில் இருப்பது வெள்ளீயம், அது சாது. இது காரீயம், நஞ்சு. உடம்பில் சேர்ந்தால் தலைவலி, வயிற்றுவலி, மறதி, எரிச்சல் வருமாம். எரிச்சல் என்று படித்ததும் எரிச்சல் வந்தது. மறதியைப் பற்றிப் படித்தேனா என்பது ஞாபகம் வரவில்லை. அன்று இரவே எனக்கு எல்லா நோயும் வந்துவிட்டது.

எனக்கு மஞ்சள் தருவது ஒரே ஆள். என் மனைவியின் தம்பி மாதேசு. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் மார்டள்ளியில் விவசாயம். அவன் கிழங்குகள் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளக்கும். வேகவைத்துக் காயவைத்த கிழங்கைப் பீப்பாயில் போட்டு உருட்டி மெருகேற்றும்போது, காரீயம் கலந்த மஞ்சள் சாயத்தைச் சேர்க்கிற அயோக்கியர்கள் உண்டு என்று அதே செல்போன் சொன்னது. அந்தப் பளபளப்பை இத்தனை நாள் நான்தான் ஊரெல்லாம் புகழ்ந்தவன். இப்போது அதே பளபளப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.

மனைவியிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் மெதுவாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

"என்ற தம்பி மேல சந்தேகம்னா அவனையே கூட்டிட்டுப் போங்க. அவன் கண்ணு முன்னால சோதிச்சுப் பாருங்க. இங்க உக்காந்துட்டு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதீங்க."

அப்படித்தான் நான் தூளோடும், அவன் கிழங்கு மூட்டையோடும் மைசூர் வந்து இறங்கினோம். குற்றம் சாட்டுகிறவனும் சாட்டப்படுகிறவனும் ஒரே பஸ் சீட்டில் தோள் இடிக்க உட்கார்ந்து, ஒரே காகிதத்தில் கடலை தின்றுகொண்டு வந்தது எங்கள் குடும்பத்தில் இதுவே முதல்முறை. மூட்டையிலிருந்து கிளம்பிய நெடியில் முன்சீட்டுப் பெண் தும்மிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தும்மலுக்கும் நான் மாதேசுவை முறைத்தேன்.

ஆட்டோக்காரரிடம் "லேப்" என்றேன். எனக்குக் கன்னடம் தெரியாது. ஆனால் லேப் எந்த மொழியிலும் லேப்தானே என்ற தைரியம். அவர் நேராக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இறக்கிவிட்டார். வரவேற்பறைப் பெண் 'சாம்பிள்' என்று கேட்டார். மஞ்சள் பொட்டலத்தை மேசைமேல் வைத்தேன். அந்தப் பெண் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

மாதேசு முன்னால் வந்து கன்னடத்தில் விளக்கினான். அந்தப் பெண் சிரித்ததில் வரிசையில் இருந்த சர்க்கரை நோயாளிகளெல்லாம் சிரித்தார்கள்.

"என்னடா சொன்னே?"

"தூளுக்குச் சர்க்கரை இருக்குதான்னு பாக்க வந்தமுன்னு சொன்னேனுங் மாமா."

வந்ததுதான் வந்தோம், என் ரத்தத்தையும் கொடுத்து காரீயம் பார்த்துவிடலாமா என்று எனக்கு ஓர் ஆசை. மாதேசு சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தான்.

சரியான சோதனைக்கூடம் நகரத்தின் மறுகோடியில், ஒரு மாடியில் இருந்தது. ரூபா மேடம் என்ற வேதியியலாளர்தான் எல்லாம். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். வெள்ளைக் கோட்டுக்குக் கீழே மல்லிகைப்பூ நிறத்தில் கான்வாஸ் ஷூ. தமிழ் கொஞ்சமும் வராது. அவர் சொல்வதையெல்லாம் மாதேசுதான் எனக்குத் தமிழில் சொல்ல வேண்டும். நீதிபதி சொல்லும் தீர்ப்பைக் குற்றவாளியே மொழிபெயர்த்துச் சொல்கிற நீதிமன்றத்தை நான் அங்கேதான் பார்த்தேன்.

நான் பொட்டலத்தைப் பிரித்து வெளிச்சத்தில் காட்டினேன். இருபது வருட அனுபவம். கண்ணால் பார்த்தே நல்லது கெட்டது சொல்லிவிடுவேன் என்றேன். மேடம் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பேசினார். மாதேசு சொன்னான்: "மஞ்ச ஏன் மஞ்சளா இருக்குதுன்னா, வெள்ளை வெளிச்சத்துல இருக்கற நீலத்தையெல்லாம் அது தின்னு போடுதாமுங். தின்னது போக மிச்சம் வர்றதுதான் நம்ம கண்ணுக்கு மஞ்சளாத் தெரியுதாமா."

ஆக, இருபது வருடமாக நான் எச்சிலைப் பார்த்து மதிப்புப் போட்டிருக்கிறேன்.

"அந்த நிறத்தை வெச்சு காரீயம் தெரியாதுங்கறாங்க. மொதல்ல தூளை அமிலத்துல வேகவெச்சு, மஞ்ச நெறமே போயி, தண்ணியாட்டம் ஆக்கோணுமாம். அதைச் சுடருக்குள்ள தெளிப்பாங்களாம். நாளைக்கு மத்தியானம் வரச் சொல்றாங்க."

கருவியைக் காட்டினார். நீலமாக ஒரு சுடர், ஜாண் அகலத்துக்குச் சீப்பு மாதிரி எரிந்துகொண்டிருந்தது. வேறு யாருடைய மாதிரியோ போய்க்கொண்டிருந்தது. தொடாதே என்று சொல்வதற்குள், உறிஞ்சுகிற மெல்லிய குழாயின் நுனியை நான் தொட்டுவிட்டேன். சுடர் திடீரென்று பளீர் மஞ்சளாக மாறியது.

"மாப்ளே! மஞ்ச! கண்டுபுடிச்சிருச்சு!" என்று கத்தினேன்.

மேடம் என் விரலைப் பார்த்தார். மாதேசு தலையைக் குனிந்துகொண்டான். "அது உங்க வேர்வைங் மாமா. உப்பு. சூடானா உப்பு இந்த மஞ்ச வெளிச்சத்தைத்தான் விடுமாம். நம்ம சரக்கு இன்னும் உள்ளயே போகலை."

என் பயத்தை ஒரு கருவி நிறம் போட்டுக் காட்டியது அன்றுதான்.

பிறகு மேடம் ஒரு கண்ணாடிக் குழல் விளக்கை எடுத்துக் காட்டினார். காரீயத்தைத் தேடுவதற்கு, உள்ளே காரீயத்தையே வைத்துச் செய்த விளக்கு. சூடேறிய அணு எந்த ஒளியை விடுமோ, அதே ஒளியைத்தான் சுடருக்குள் சும்மா நிற்கிற அதே இனத்து அணு விழுங்குமாம். விளக்கிலிருந்து கிளம்பிய ஒளி சுடரைத் தாண்டி மறுபக்கம் போகும்போது எவ்வளவு குறைகிறதோ, அதை வைத்துக் காரீயத்தின் அளவைச் சொல்லிவிடலாம். செம்பு இருக்கட்டும், இரும்பு இருக்கட்டும், அவை அந்த ஒளியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. எனக்கு இது உடனே புரிந்தது. எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும், பங்காளி பங்காளியைத்தான் முதலில் கண்டுபிடித்து முறைப்பான். அந்த ஒளி நம் கண்ணுக்கே தெரியாத வகை என்று மேடம் சொன்னதும் என் அனுபவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

தூள் தயார்நிலையில் இருந்ததால் அது முதலில் போகும். கிழங்கை அவர்களே உலர்த்தி, அவர்கள் உரலில் இடிக்க வேண்டும். அதன் முடிவு பிறகு வரும். அன்றிரவு விடுதியில் நான் புரண்டு புரண்டு படுத்தேன். மாதேசு குறட்டை விட்டான். நல்லவன் தூங்குகிறானா, நெஞ்சழுத்தக்காரன் தூங்குகிறானா என்பதைக் குறட்டையை வைத்துக் கண்டுபிடிக்க இன்னும் கருவி வரவில்லை.

மறுநாள் காலையில் தேவராஜ மொஹல்லாவில் ஒரு சின்ன ஓட்டலில் தோசை. எங்கள் ஊர் தோசையை ஜன்னலுக்குத் திரையாகப் போடலாம். மைசூர் தோசை தலையணை மாதிரி. உள்ளே சிவப்புச் சட்னி, மேலே வெண்ணெய்க் கட்டி. சாம்பாரைத் தொட்டு வாயில் வைத்தேன். இனித்தது. காரீயத்துக்கு இனிப்பு ருசி உண்டு என்று படித்திருந்தேன். எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தேன்.

"வெல்லமுங் மாமா. இங்க அப்படித்தான் போடுவாங்க," என்றான் மாதேசு, என் தோசையையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு.

பக்கத்து மேசையில் ஒரு கிழவர் கன்னடத்தில் ஏதோ கேட்டார். எனக்கும் சேர்த்து மாதேசுவே அவருக்குப் பதில் சொல்லிவிட்டு, "உங்களுக்குப் பல்லு வலியான்னு கேட்டாரு, மனசு வலின்னு சொல்லிட்டேன்" என்றான்.

பக்கத்திலிருந்த சந்தைக்குள் போனோம். வருடத்துக்கு ஒருமுறை நான் மைசூர் வருவதே அங்கே செந்தூரம் வாங்கத்தான். குங்குமமும் வண்ணப்பொடிகளும் கோபுரம் கோபுரமாகக் குவித்திருக்கும் கடை. அங்கே கிடைக்கும் ஆரஞ்சு நிறச் செந்தூரத்தின் பளிச்சு வேறெங்கும் கிடையாது. என் மில்லில் இருக்கும் ஆஞ்சநேயருக்கு அதுதான். கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டே ஏதோ சொன்னார்.

"சாமிக்கு மட்டுந்தானாமா. நெத்திக்கு வெக்காதீங்க, அதுக்கு வேற தர்றேங்கறாரு."

"மனுசன் நெத்தி தாங்காதுடா. அவ்வளவு சக்தி," என்று விளக்கினேன். பொட்டலத்தைச் சட்டைப் பையில் நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் சோதனைக்கூடத்துக்குப் போனோம். ரூபா மேடம் வெகுநேரம் பேசினார். கையால் மேலே காட்டினார், கீழே காட்டினார். பேசி முடித்ததும் மாதேசு என்னைப் பார்த்து, "இருக்குதாமுங்" என்றான். அவ்வளவுதான்.

"அவங்க அத்தனை நேரம் பேசினாங்களே!"

"அனுமதிச்ச அளவுக்கு மேல பலமடங்கு இருக்குதாம். மீதியெல்லாம் கணக்குங்."

வெளியே டீக்கடைக்கு வந்ததும் நான் வெடித்தேன். "சொல்லுடா மாப்ளே. பீப்பாயில எதைப் போட்டு உருட்டினே? உங்கக்காகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்? என்ற மூஞ்சி பொட்டலத்துல இருக்குதுடா!" டீக்கடைக்காரர் எனக்குச் சர்க்கரை போட மறந்துபோனார்.

மாதேசு டம்ளரைக் கீழே வைத்தான்.

"சாயம் கலந்தவன் உங்ககூட பஸ் ஏறி வந்து, அந்தம்மா சொல்றதையெல்லாம் உங்களுக்குத் தமிழ்ல சொல்லிட்டு நிப்பனா மாமா? 'ஒண்ணும் இல்லையாமா, வாங்க போலாம்'னு அங்கயே முடிச்சிருக்க மாட்டனா? உங்களுக்கு எங்க தெரியப்போகுது?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றாததால் கோபம் இன்னும் அதிகமாயிற்று.

"கெழங்கு முடிவு வரட்டும்," என்றான். "அதுல இருந்துச்சுன்னா என்ற காட்டை மிதிக்காதீங்க. இல்லீன்னா உங்க மில்லு வாசலை நான் மிதிக்க மாட்டேன். அக்காளைப் பாக்கோணும்னா பஸ் ஸ்டாண்டுல பாத்துக்கறேன்."

சாயங்காலம் அழைத்தார்கள். கிழங்குத் தண்ணீர் சுடருக்குள் போனது. நீலச் சுடர் நீலமாகவே நின்றது. காரீய விளக்கின் ஒளி புறப்பட்ட மாதிரியே மறுபக்கம் போய்ச் சேர்ந்தது. திரையில் எண் அசையவில்லை. மாதேசு எதையும் மொழிபெயர்க்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

கிழங்கில் இல்லை, தூளில் இருக்கிறது. நடுவில் இருப்பது என் மில். ரூபா மேடம் என்னைப் பார்த்துக் கேட்டார். மாதேசு சொன்னான்: "அரைக்கற எடத்துல வேற எதாச்சும் படுதான்னு கேக்கறாங்க."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்ற மில்லுலயா? சொல்லுடா அந்தம்மாகிட்ட. எல்லாம் எவர்சில்வர். சனிக்கிழமை சனிக்கிழமை ஓட்டத்தை நிறுத்திக் கழுவித் துடைச்சு, சாம்பிராணி போட்டு, கிழங்கு கொட்டற வாயைச் சுத்திப் பட்டையா செந்தூரம் குழைச்சுப் பூசி, சூடம் காட்டித்தான் மறுபடி ஓட்டறேன். அவ்வளவு சுத்தம். அடுத்த சனிக்கிழமை பாத்தா ஒரு பொட்டு செந்தூரம்கூட அதுல மிச்சம் இருக்காது. அனுமார் அப்படியே ஏத்துக்குவாரு. நான் கண்ணுல ஒத்திக்குவேன்."

மாதேசு கன்னடத்தில் சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றுவிட்டான். அவன் கண் என் சட்டைப் பையில் இருந்தது. மேடத்தின் கண்ணும் அங்கேயே வந்தது.

கையை நீட்டினார். பொட்டலத்தைக் கொடுத்தேன்.

ஆணி நுனியளவு செந்தூரம். அமிலம், சூடு, நிறையத் தண்ணீர். தெளிந்து வரும்வரை நான் ஆஞ்சநேயரைக் கும்பிட்டேன். பாதியில்தான், வழக்கில் அவருக்கும் சம்பந்தம் இருக்கிறதே, கும்பிடலாமா என்று சந்தேகம் வந்தது. குழாய் உறிஞ்சியது. காரீய விளக்கின் ஒளியைச் சுடர் அப்படியே முழுங்கிவிட்டது. திரையில் எண் ஏறி, ஏறி, அளவைத் தாண்டி, கருவியே கையை விரித்துவிட்டது. அந்த ஆரஞ்சுப் பளிச்சே காரீயம்தானாம். கடைக்காரர் நெற்றிக்கு வேண்டாம் என்றதைச் சக்தி என்று மொழிபெயர்த்தவன் நான். மில் ஓடும்போது ஆடுகிற ஆட்டத்தில், என் பக்தியெல்லாம் செதில் செதிலாக உதிர்ந்து கிழங்கோடு கிழங்காக அரைபட்டிருக்கிறது. அனுமார் ஒரு துளிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

மேடம் பேசினார். மாதேசு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், வார்த்தை விடாமல் சொன்னான்: "மெஷினைக் கழட்டிக் கழுவி, புதுசா அரைச்சுக் கொண்டாந்தா சுத்தமா வருமாம். துபாய்க்காரருக்கு அதைக் காட்டிக்கலாமாம்."

எனக்கு மூச்சு வந்தது. அப்போது மேடம் இன்னொன்று கேட்டார். அந்த ஒரு கேள்வி மட்டும் எனக்குக் கன்னடத்திலேயே புரிந்தது. புரியாத மாதிரி நின்றேன். மாதேசு விடவில்லை.

"ஏற்கெனவே கடைகளுக்குப் போனது என்னாச்சுன்னு கேக்கறாங்க மாமா."

வாசலுக்கு வந்ததும் மனைவியிடமிருந்து போன். மாதேசு கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்; இந்த ஒரு காரியத்தையாவது நேராகச் செய்வோம் என்று.

"ஏனுங்க, என்னாச்சு? தம்பி கலந்தானா?"

"இல்ல."

"அப்பறம்?"

"நான்தான்."

"நீங்களா? என்னத்தைக் கலந்தீங்க?"

"பக்தி."

அந்தப் பக்கம் குக்கர் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. செந்தூரக் கதையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நம்மூட்டு டப்பாவை நான் கொட்டிக்கறேன். ஊராமூட்டு டப்பாவை ஆரு கொட்டறது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

மறுநாள் பஸ்ஸில் மாதேசு என் பக்கத்தில் உட்காரவில்லை. நடைபாதைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். "மாப்ளே, இனிமே மஞ்ச..." என்று ஆரம்பித்தேன். "மொதல்ல கடைக்காரங்களுக்குப் போடுங்க," என்றான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

போட்டேன். கோபி, சத்தி, நம்பியூர் என்று ஒவ்வொரு கடையாக. இருபது வருடமாக நான் போன் பண்ணினால் "அண்ணா, எத்தனை பொட்டலம் அனுப்பறீங்க?" என்றுதான் கேட்பார்கள். இப்போது விக்காதீங்க, எடுத்து வையுங்க, வித்ததைத் திருப்பிக் கேளுங்க என்று நான் கத்த, பஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தது. ஒரு கடைக்காரர், "அண்ணா, காலைலயே ஊத்திக்கிட்டீங்களா?" என்று கேட்டார். இன்னொருவர், போட்டிக் கம்பெனிக்காரன் என் குரலில் பேசுவதாக நினைத்துக் கெட்ட வார்த்தை சொன்னார். நான் நான்தான் என்று நிரூபிப்பதற்குள் தொண்டை வற்றிவிட்டது.

முன்சீட்டிலிருந்து ஓர் அம்மாள் திரும்பினார். என் முகத்தை உற்றுப் பார்த்தார். "பொட்டலத்துல இருக்கறது நீங்கதானே? முடி கொட்டிருச்சாட்ட இருக்குது."

"ஆமாங்க்கா."

"உங்க மஞ்சளைத்தானே மைசூர்ல என்ற பொண்ணு வீட்டுக்குக் குடுத்துட்டு வர்றேன். பேத்திக்கு மேலுக்குப் பூசற அளவுக்குக் குடுத்திருக்கறனே! கலரு நல்லாத்தான இருக்குது?"

"போன் போடுங்க," என்றேன். அவர் போட்டு, என் கையிலேயே கொடுத்துவிட்டார். "நீங்களே சொல்லுங்க. நாஞ்சொன்னா நம்ப மாட்டா."

எடுத்தது மகள் இல்லை, மருமகன். கன்னடக்காரர். நான் தமிழில் ஆரம்பித்தேன், இங்கிலீஷில் தடுமாறினேன், கைச்சாடையில் இறங்கினேன். போனில் கைச்சாடை தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது. அவர் "ராங் நம்பர்" என்று வைக்கப் போனார்.

மாதேசு எழுந்து வந்தான். என் கையிலிருந்து போனை வாங்கினான். கம்பியைப் பிடித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு ஆடியபடி, நிதானமாக, வெகுநேரம் பேசினான். நேற்று மேடத்தின் அத்தனை நேரப் பேச்சை ஒரே வார்த்தையில் முடித்தவன், இப்போது எதையும் விடாமல் பேசினான். எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை, நடுநடுவே திரும்பத் திரும்ப வந்த "நம்ம மில்லு, நம்ம மில்லு" என்பதைத் தவிர.

போனை அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டு, என்னை இடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அடுத்த கடை ஆருங் மாமா?" என்றான்.